கான்சுகேவின் அஸ்திச் சாடி

சாவைப் பற்றி எசோயே கான்சுகேவுக்கு அதுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. கூட வேலை செய்த ஃபுகுச்சியின் சாவுக்குப் போய்விட்டு வந்த அன்றுதான் ஒன்று ஏற்பட்டது. அதுவும் சாவைப் பற்றி அல்ல, சாடியைப் பற்றி.

ஃபுகுச்சியும் கான்சுகேவும் அரித்தா ஊரில் ஒரே பீங்கான் பட்டறையில், ஒரே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து தலை நரைத்தவர்கள். இருவரும் கோடு போடுகிறவர்கள். அந்த ஊரில் ஒரு பூவை ஒரே ஆள் முழுதாக வரைந்துவிட முடியாது. இதழுக்குக் கோடு போடுகிறவர் ஒருவர், கோட்டுக்குள் நீலம் நிரப்புகிறவர் இன்னொருவர். கோடு போடுகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருவார்கள், பெரும்பாலும் ஆண்கள். நிரப்புகிறவர்கள் தண்ணீர்க் குழாயோரம், எல்லாம் பெண்கள். ஜாடி நன்றாக வந்தால் பாராட்டு ஜன்னல் பக்கமாகப் போகும். கறை விழுந்தால் விசாரணை குழாய்ப் பக்கமாக வரும். இது எழுதி வைத்த சட்டமல்ல. அதனால்தான் யாரும் மீறியதில்லை.

எரிகூடத்தில் வழக்கப்படி உறவுக்காரர்கள் நீளக் குச்சிகளால் ஃபுகுச்சியின் எலும்புகளைக் காலிலிருந்து தொடங்கி மண்டை வரை பொறுக்கிச் சாடியில் போட்டார்கள். சாடி வெள்ளை. ஒரு புல் கூட இல்லை. கான்சுகே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த ஊர்க்காரர்கள் டீக்கடையில் கோப்பை கொடுத்தாலும் செய்கிற காரியத்தைச் செய்தார். சாடியைத் தூக்கிச் சாய்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்த்தார். உள்ளே ஃபுகுச்சி கலகலவென்று சரிந்தார்.

ஃபுகுச்சியின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்னண்ணே பண்றீங்க?"

"வெளியூர்ச் சரக்கும்மா" என்றார் கான்சுகே. "மிஷின்ல அடிச்சது."

வீடு வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அவர் மனைவி ஹிசாயோவுக்கு இது நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் சென்ற வருடம் மாகாண அரசு அவரைக் 'கைவினைச் செம்மல்' என்று அறிவித்துச் சட்டம் போட்ட ஒரு பத்திரம் கொடுத்ததிலிருந்து, கான்சுகே சாதாரணமாகப் பேசுவதையே விட்டிருந்தார். உப்பு கேட்பதென்றாலும் முதலில் ஒரு இடைவெளி விடுவார். தன் கையை 'என் கை' என்று சொல்வதில்லை. 'இந்தக் கை' என்பார், அது அரசுச் சொத்து மாதிரி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இடைவெளி விட்டுச் சொன்னார்: "இந்தக் கை நாப்பது வருஷம் அடுத்தவன் வீட்டு அலமாரிக்குப் பூ போட்டிருக்கு. கடைசியில அது போற பாண்டத்துக்கு இந்தக் கையேதான் போடணும்."

"குளிச்சிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றாள் ஹிசாயோ.

*

சக்கரத்தில் பாண்டம் வனைகிற மினேகிச்சி, கான்சுகேவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் செம்மல் பட்டம் அவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

"எவ்வளவு பெருசுடா வேணும்?"

கான்சுகே இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார்.

"யாரைப் போடப் போற? உன்னையா, உன் குதிரையையா?"

"ஊர்ல எல்லாரும் ஒரு கைப்பிடி எலும்பை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை விட்டுட்டு வந்துடறாங்க. நான் முழுசாப் போகணும்னு நினைக்கிறேன். பூவுக்கும் இடம் வேணும்ல. பியோனி போடப் போறேன்."

"பியோனிக்கு இடம் வேணும், சரி. எலும்புக்கு எதுக்கு?"

"நீ செய்டா."

மினேகிச்சி செய்தார். காய்ந்து, முதல் சூட்டில் வெந்து வந்தபோது அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பட்டறை முதலாளியம்மா ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். செம்மல் வேலை செய்யும் பட்டறை என்று வாசலில் பலகை வைத்ததற்கு அவள் இந்த அளவு செய்யத்தான் வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை கான்சுகேவைக் குறை சொல்ல முடியாது. சுரைக்காய் ஓட்டுக் கரியால் மெல்லிய தாளில் பியோனியை வரைந்து, தாளைச் சாடியில் ஒட்டித் தேய்த்து, அந்த நிழலின் மேல் பூனைமயிர் மாதிரித் தூரிகையால் கோடு இழுத்தார். கரி சூளையில் எரிந்துபோகும். கோடு நிற்கும். பியோனி சாதாரணப் பூ அல்ல. முட்டைக்கோஸ் மாதிரி இதழுக்குள் இதழ், அதற்குள்ளும் இதழ். மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது, பின்பக்கம் காட்டுவது, இலைக்குள் ஒளிவது என்று சாடி முழுக்க, கழுத்து வரை, மூடி மேலும் போட்டார். மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முடிந்ததும், சாடியை மினேகிச்சியோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்க் குழாயோரம் ஹிசாயோவின் பலகையில் வைத்தார்.

முப்பது வருடத்துக்கு மேலாக அவர் போட்ட எல்லாப் பூவையும் நிரப்பியவள் அவள்தான். கையில் ஒரு முள்ளங்கி பருமனுக்குத் தூரிகை. அதில் நீலக் கலவையை நிறைய ஏந்தி, விரலால் பிழிந்து பிழிந்து, இதழுக்குள் குளம் மாதிரி விட்டு, அந்தக் குளத்தை நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டே போய், கடைசிச் சொட்டை மறுபடி தூரிகைக்குள் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நடுவில் தும்மினால் கறை. சூளைக்குப் போகும்வரை அது சாம்பல் நிறச் சேறு மாதிரித்தான் இருக்கும். வெந்த பிறகுதான் நீலம்.

ஹிசாயோ சாடியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கையைத் துடைத்தாள்.

"என்னால முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது."

கான்சுகே திகைத்து நின்றார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல இளகியது. தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் மினேகிச்சியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாவம். தாங்கல அவளுக்கு."

"என்ன தாங்கல?"

"நான் போயிடுவேன்ங்கிறது. சாடியைப் பார்த்ததும் உறைச்சிருக்கு. கை எழும்பல."

மினேகிச்சி "ஹிசாயோவுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வார முடிவுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சோயாப்பால் கட்டி விற்கும் கடையில், குளியல்கூடத்தில், பெட்ரோல் பங்கில் கான்சுகே இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார். "அந்தக் காலத்துப் பொம்பளை. வாயில சொல்லத் தெரியாது. தூரிகையைக் கீழ வச்சிட்டா, பாருங்க." கேட்டவர்களில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள். அவர்கள் ஹிசாயோவை அறியாதவர்கள்.

ஆனால் பாசத்தை வைத்துக்கொண்டு சாடியைச் சூளையில் ஏற்ற முடியாது. வெறும் கோடோடு சுட்டால் அது பாதி வேலை. பாதி வேலைக்குள் முழு மனிதர் எப்படிப் போவது? கான்சுகே, குழாயோரத்தில் ஹிசாயோவுக்கு அடுத்தபடி கைதேர்ந்தவளான தோமோயேவிடம் போனார்.

"அக்கா போடாத பூவை நான் தொட மாட்டேண்ணே."

"அவளுக்கு மனசு சரியில்லம்மா. அதான் உன்கிட்ட வர்றேன்."

"அக்கா மனசு நல்லாத்தான் இருக்கு. இப்பதான் சிரிச்சிட்டு இருந்தாங்க."

"எதுக்கு?"

தோமோயே தூரிகையை அலசப் போய்விட்டாள். மற்ற பெண்களிடம் கேட்டபோது எல்லோருக்கும் ஒரே நாளில் மணிக்கட்டு வலி வந்திருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, 'இந்தக் கைக்கு எது வராது' என்று கான்சுகே தாமே முள்ளங்கித் தூரிகையை எடுத்தார். சாடியின் பின்பக்கம், கீழே, ஒரு பூ. கலவை கோட்டுக்குள் போயிற்று. நின்றது. நின்ற இடத்திலேயே பாண்டம் அதை உறிஞ்சிக் குடித்தது. பதறி இன்னும் கொஞ்சம் விட்டார். அது கோட்டைத் தாண்டி, இலையைத் தாண்டி, எட்டுத் திக்கிலும் கால் நீட்டிக்கொண்டு இறங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவது ஒன்று. இது ஆக்டோபஸ். சுரண்டிப் பார்த்தார். ஆக்டோபஸுக்குக் கண் வந்தது.

சாடியை அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய், தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

*

ஆகஸ்டில் முன்னோர் வரும் நாட்களுக்கு முன்பு குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவுவது வழக்கம். எசோயே குடும்பத்துக் கல்லறை ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. கான்சுகே வாளியில் தண்ணீர் சுமந்து வந்தார். ஹிசாயோ பூ, ஊதுவத்தி, தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றோடும் ஒரு பெரிய மூங்கில் கூடையையும் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். கூடை காலியாக இருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது.

மேலே கோயில் பிக்கு ஏற்கெனவே காத்திருந்தார். அதுவும் புதிதாக இருந்தது.

"அம்மா சொன்னாங்க, உள்ள ஈரம் இறங்குதான்னு பார்க்கணுமாமே" என்றார் பிக்கு. கீழ்க்கல்லை நகர்த்தினார்கள். குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்னக் கல் அறை. அதில் கான்சுகேவின் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா நால்வரும் நான்கு சிறு சாடிகளில், மாலை ரயிலில் இடம் பிடித்தவர்கள் மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது.

ஹிசாயோ கூடையை இறக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதை உள்ள வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன்."

கான்சுகே வாங்கினார். கூடையின் பருமன் கைக்கு எங்கேயோ பழக்கமானதாக இருந்தது. புரிந்தது.

"இது... சாடி அளவா?"

"அதே அளவுதான்."

"சுட்டா சுருங்குமே. அதைக் கணக்குல எடுக்கணும்."

"எடுத்தாச்சு. முப்பது வருஷமா பட்டறைக்குத்தானே போறேன், மீன் மார்க்கெட்டுக்கா போறேன்? சுருக்கத்தைக் கழிச்சுதான் முடையச் சொன்னேன். வைங்க."

அவர் மண்டியிட்டு உள்ளே விட்டார். வாயில் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்தார்.

"சாய்ச்சா உள்ள இருக்கிறவர் கொட்டிடுவாரே" என்றார் பிக்கு, அக்கறையாக.

"கொஞ்சம் சும்மா இருங்க சாமி." கான்சுகே நாக்கைக் கடித்துக்கொண்டு, திருகி, அமுக்கி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். மூங்கில் கிறீச்சிட்டது. கூடை உள்ளே போய் விழுந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெற்றியோடு திரும்பினார். "பாத்தியா! போயிருச்சு! கச்சிதமா இருக்கு!"

ஹிசாயோ குனிந்து பார்த்தாள். கூடைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ஊதுவத்தி நுழையும்.

"நான் எங்க?" என்றாள்.

கீழே எங்கேயோ ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. நின்றது.

"என்ன, நீ எங்க?"

"நான் செத்தா எங்க வைப்பாங்க? உங்கம்மா மடியிலயா? உசுரோட இருந்தப்பவே அவங்க என்னைப் பக்கத்துல உக்கார விட்டதில்ல."

கான்சுகே வாயைத் திறந்தார். அதையெல்லாம் யோசிக்காமலா இருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் அவர் யோசித்திருக்கவில்லை. தன் சாவுக்குப் பிறகு நடக்கப்போவதை அவர் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். சாடியை ஊரே பார்க்கும். மாகாணத்திலிருந்து ஆள் வரும். ஹிசாயோ இந்தக் கல்லுக்கு முன்னால், ஊதுவத்தியோடு நிற்பாள். எல்லாத் தடவையும் அவள் வெளியேதான் நின்றாள். அப்புறம் அவள் எங்கே போனாள் என்று அவர் பார்த்ததே இல்லை.

"நீ எனக்கப்புறம் ரொம்ப நாள் இருப்ப" என்றார்.

"இருப்பேன். அதுக்கப்புறம்?"

கான்சுகே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான் நிரப்ப மாட்டேன்னியா?"

"பின்ன? வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

பிக்கு இருமினார். "ஊர்ல வேற மாதிரி பேசிக்கிறாங்கம்மா. பெட்ரோல் பங்குல கூட..."

"என்ன பேசிக்கிறாங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் கான்சுகே. "சாமி, அந்தக் கல்லை மூடலாம்."

மூட முடியவில்லை. கூடை வெளியே வர மறுத்தது. கடைசியில் மாகாணக் கைவினைச் செம்மல் கல்லறைக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு, செடி வெட்டும் கத்தரியால் மூங்கிலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். நான்கு முன்னோர்களும் வெகு அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "சின்னதா ரெண்டு செய்யச் சொல்றேன்."

"சரி" என்றாள் ஹிசாயோ. "உங்களுதை நிரப்பித் தர்றேன்."

"உன்னோடதுக்கு என்ன பூ?"

"பூ வேணாம். வெள்ளையா விடுங்க."

கத்தரிச் சத்தம் நின்றது. கான்சுகே அவசரமாக வெளியே வந்ததில் தலை கல்லில் இடித்தது. "வெள்ளையா? ஃபுகுச்சி போன மாதிரியா? எசோயே கான்சுகே பொண்டாட்டி வெள்ளைச் சாடியில போறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லிட்டுப் போகட்டும். கல்யாணம் ஆன மறுவாரத்துலேர்ந்து உங்க பூவுக்குள்ளயேதான் உக்காந்திருக்கேன். காலையில பியோனி, சாயங்காலம் பியோனி. செத்த பிறகாவது நான் சும்மா இருக்கேனே."

அவர் பிக்குவைப் பார்த்தார். பிக்கு தொலைவில் ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

*

"முதல்ல குதிரை. இப்ப ரெண்டு குருவியா?" என்றார் மினேகிச்சி. ஆனாலும் செய்தார்.

தம்முடையதில் கான்சுகே மூன்றே மூன்று பூ போட்டார். அதற்குத்தான் இடம் இருந்தது. இடம் இல்லாததால் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் வெள்ளை விட வேண்டியிருந்தது. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "உங்க வேலையிலேயே இதுதாங்க உசத்தி, என்ன ஒரு அடக்கம்!" என்றாள். கான்சுகே இடைவெளி விட்டு, "வயசு போகப் போக அடக்கம் தானா வரும்" என்றார்.

ஹிசாயோ அதைச் சொன்னபடி நிரப்பிக் கொடுத்தாள். ஒரே மதியத்தில்.

வெள்ளைச் சாடி பக்கத்தில் இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் கான்சுகேவுக்குப் பல்லில் மண் கடிபட்ட மாதிரி இருந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டைத் தோட்டத்துக்கு மாற்றிப் பார்த்தார். சூளைக்கு அடுக்கும் வாரம் வந்தது. பளபளப்புக்கான மேல்பூச்சில் முக்கி எடுத்துவிட்டால் அது பால் மாதிரி மறைத்துவிடும், அடியில் என்ன வரைந்திருந்தாலும் தெரியாது. வெந்து இறங்கும்போதுதான் தெரியும். அப்போது யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு வெள்ளைச் சாடியின் மூடியைத் திருப்பினார். உட்பக்கம் உள்ளங்கை அகலம்தான். கரி நிழல் இல்லாமல், தாள் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பியோனி. வெறும் கோடு. கோடு மட்டும்தான் தன் வேலை, பூ என்று இதைச் சொல்ல முடியாது, ஆகவே வாக்குத் தவறவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மூடியை மூடி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார்.

திங்கட்கிழமை மேல்பூச்சுக்காரர் இரண்டையும், ஹிசாயோ சொன்னபடி மூலையில் நின்ற பெரிய சாடியையும் முக்கி எடுத்தார். சூளை ஏறியது, எரிந்தது, ஆறியது.

திறக்கும் நாளில் கான்சுகே எல்லோருக்கும் முன்னால் நின்றார். தம்முடைய சாடியை அவர் பார்க்கக்கூட இல்லை. வெள்ளைச் சாடியின் மூடியை, இன்னும் சூடு இருக்கும்போதே துணியால் பிடித்துத் திருப்பினார்.

பியோனி இருந்தது. நீலமாக இருந்தது. வெறும் கோடு அல்ல. ஒவ்வொரு இதழும் நுனியில் அடர்ந்து, அடியில் கரைந்து, விடிகாலை வானம் மாதிரி வெளுத்து, ஒரு சொட்டு கூட வெளியே போகாமல் நிரம்பியிருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். ஹிசாயோ குழாயடியில் தூரிகை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு இதழ்ல கோடு மூடவே இல்ல" என்றாள், திரும்பாமல். "முக்கறதுக்கு முன்னாடி நானே சேர்த்து முடிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டு வரையக் கூடாதா?"

கான்சுகே இடைவெளி விட்டார். இந்தத் தடவை அது தானாகவே விழுந்தது.

"நீ வெள்ளைதானே கேட்ட?"

"வெளிய வெள்ளைதானே இருக்கு. உள்ள நீங்க போட்டதை அப்படியே விட்டா, நான் பாதியில விட்டுட்டுப் போனேன்னு ஆகும்."

"மூடிக்கு உள்பக்கத்தை யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல" என்றாள் ஹிசாயோ. "போய் அந்தப் பெரிய சாடியைத் தூக்கிட்டு வாங்க. கடுகுக்கீரை ஊறுகாய் போடணும், வீட்ல அத்தனை பெருசா வேற எதுவும் இல்ல. அந்த ஆக்டோபஸ் இருக்கிற பக்கத்தைச் சுவத்துப் பக்கமா வச்சுக்கலாம்."

கான்சுகே மூடியைச் சாடிமேல் வைத்தார். பழக்கதோஷத்தில் சாடியைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை போட மறந்திருந்தார். அப்படியே கீழே வைத்துவிட்டு, மினேகிச்சியைக் கூப்பிடப் போனார்.